உட்கார மறுத்த பதினோரு நாட்கள்

சென்ற மாதம் எங்கள் பள்ளியில் ஸ்டாஃப் மீட்டிங். ஒன்றரை மணி நேரம். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

நாற்காலி இல்லாமல் இல்லை. எனக்குப் பின்னாலேயே ஒன்று காலியாகக் கிடந்தது. "உக்காருங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியை. "பரவால்ல மேடம்" என்றேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி சொன்னார். மறுபடியும் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புது சயின்ஸ் டீச்சருக்கு என்ன தோன்றியதோ... மெல்ல எழுந்து அவரும் நின்றார். அவரைப் பார்த்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் எங்கள் வரிசையில் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தோம்.

தலைமையாசிரியையின் முகம் மாறிவிட்டது. "ஏதாவது கோரிக்கை இருந்தா நேரா சொல்லிடுங்க டீச்சர். இப்படி எல்லாம் பண்ணாதீங்க" என்றார்.

எனக்கு என்ன கோரிக்கை? உட்காரும் இடத்தில் புண். அதை எந்தத் தலைமையாசிரியையிடம் மனு கொடுத்துத் தீர்த்துக்கொள்வது?

ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். இந்த வாரம் அதைப் பற்றித்தான். காபி குடித்துக்கொண்டே படிக்கிறவர்கள் காபியை முடித்துவிட்டு வரலாம். நான் காத்திருக்கிறேன். நின்றுகொண்டு காத்திருப்பது எனக்கு இப்போது நன்றாகவே பழகிவிட்டது.

நான் சைக்கிள் ஓட்டுகிறவள் என்பது வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் பீற்றிக்கொண்டதும் நினைவிருக்கும். இருநூறு கிலோமீட்டர் சவாரி, பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், நாற்பத்தொன்பது வயதில் முடித்துக் காட்டுகிறேனா இல்லையா பாருங்கள் என்று சவால் எல்லாம் விட்டேன். எழுதுவது சுலபம். எழுதும்போது நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருக்கிறோம்?

சவால் விட்டாயிற்று, பயிற்சியை ஏற்றினேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, ஒரு டீ, திரும்பி வீடு. இப்போது கூட்டேரிப்பட்டைத் தாண்டி திண்டிவனம், அதையும் தாண்டி ஓமந்தூர், அங்கிருந்து திரும்பி விழுப்புரம். ஏறக்குறைய நூறு. வாரத்தில் நடுவே இரண்டு நாள் நாற்பது நாற்பது. கால் வலிக்கும் என்று நினைத்தேன். வலிக்கவில்லை. மூச்சு வாங்கும் என்று நினைத்தேன். அதுவும் சமாளித்துவிட்டேன். நான் கணக்கிலேயே சேர்க்காத ஓர் இடம் மக்கர் பண்ணியது.

முதலில் குளிக்கும்போது ஓர் எரிச்சல். மூன்றாம் நாள் கைக்குத் தட்டுப்பட்டது, மல்லாட்டைப் பயறு, அதாவது வேர்க்கடலைப் பருப்பு அளவுக்கு ஒன்று. எனக்கு ஒரு குணம் உண்டு. வலித்தால் அழமாட்டேன், ஆராய்வேன். இது ஏன் வருகிறது? ஏன் இந்த இடத்தில் மட்டும் வருகிறது? வேர்வையா, உரசலா, சீட்டா, என் எலும்பா? நாற்பத்தொன்பது வயதுக் கணக்கு டீச்சர் ஒருத்தி பாத்ரூமில் கைக்கண்ணாடியோடு எந்தெந்தக் கோணத்தில் நின்றாள் என்பதை விவரிக்க மாட்டேன். பத்தாம் வகுப்பு ஜியோமெட்ரி வாழ்க்கையில் எதற்கு உதவும் என்று இனி எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்க முடியாது.

பவுடர் போட்டேன். பத்து கிலோமீட்டரில் வேர்வையோடு குழைந்து பசையாகிவிட்டது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டேன். வெள்ளை சுடிதாரில் மஞ்சள் வட்டம். சீட்டுக்கு மெத்து மெத்தென்று ஓர் உறை வாங்கி மாட்டினேன். அதுதான் எல்லாவற்றையும் விட மோசம். மெத்தை ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன், நடுவில் என் தோல் மாட்டிக்கொண்டு அவதிப்படுகிறது.

டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்பீர்கள். போனேனே! எங்கள் குடும்ப டாக்டர், இருபது வருடப் பழக்கம், வயதான மனிதர். "சொல்லும்மா, என்ன பண்ணுது?" என்றார். வாயைத் திறந்தேன். "முதுகு வலி டாக்டர்" என்றேன்.

சத்தியமாக அதைச் சொல்லத்தான் போனேன். எங்கிருந்தோ முதுகு வந்துவிட்டது. அவர் முதுகைத் தட்டிப் பார்த்தார், குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். ஒரு வாரத்துக்கு மாத்திரை. "வீட்டு வேலையைக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்ற அறிவுரையையும் வாங்கிக்கொண்டு, என் நல்ல முதுகோடு வீட்டுக்கு வந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் பாஸ்கர் போன் செய்தார். எங்கள் சைக்கிள் குழுவின் கேப்டன். நல்ல மனிதர், கொஞ்சம் கண்டிப்பு. "என்னா மேடம், ரெண்டு ஞாயித்துக்கிழமையா ஆளையே காணோம்? இருநூறுக்கு இன்னும் இருவது நாளு கூட இல்ல. பேர் குடுக்கட்டுமா, வேணாமா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொன்னது இது. "வீட்டுக்காரர் வேணாங்கிறாரு பாஸ்கர். அவ்ளோ தூரம் எதுக்குன்னு கேக்கிறாரு."

"அய்ய, அப்படியா... அப்ப ஒண்ணும் பண்ண முடியாது மேடம்" என்றார் பாஸ்கர். ஒரு கேள்வி கேட்கவில்லை பாருங்கள்! ஒரு சந்தேகமில்லை. கணவர் வேண்டாம் என்றார் என்று சொன்னால் இந்த ஊரில் எந்தக் கதவும் மறு பேச்சில்லாமல் மூடிக்கொள்கிறது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்கட்டு வாசலில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். கையில் பழைய பனியன் துணி. மடியில் என் சைக்கிள் செயின். வாரா வாரம் அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டித் தருகிறவர் அவர்தான். எனக்குச் செயினைக் கழற்றவும் தெரியாது.

"நான் எப்ப வேணாம்னு சொன்னேன்?" என்றார்.

"சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்குன்னா? நாளைக்கு பாஸ்கர் என்ன ரோட்ல பாத்தா என்னா நெனப்பாரு?" செயினைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவர் கோபப்படுகிறவர் இல்லை. "அந்த அமுதா வீட்டுக்காரர இன்னிக்கு வரைக்கும் உங்க குரூப்பு மொத்தமும் திட்டிக்கினு இருக்குது. இனிமே அந்த லிஸ்ட்ல நானும் சேந்துக்கினேன். அவ்ளோதானே?"



அமுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அமுதா என் தோழி. திண்டிவனத்தில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறாள். வீடு ஓமந்தூரில். என் வயதுதான். எங்கள் குழுவில் சேர்ந்த முதல் இரண்டு பெண்கள் நாங்கள். ஓட்டுவதில் என்னை விட இரண்டு மடங்கு கெட்டி. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே இருநூறுக்குப் பேர் கொடுத்து, தனியாகவே பயிற்சி செய்துகொண்டிருந்தாள். சவாரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது திடீரென்று வரவில்லை என்றாள். "வீட்ல ஒத்துக்கல" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் சைக்கிளையே தொடவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! அதை மனதோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. நான் பத்தி எழுதுகிறவள் ஆயிற்றே? எழுதினேன். இதே இடத்தில். கனவு காணத் தெரிந்த பெண்களுக்குக் கணவனிடம் பேசத் தெரியவில்லை என்று எழுதினேன். மனைவியின் காலில் சக்கரம் முளைத்தால் சில ஆண்களுக்குத் தூக்கம் வருவதில்லை என்று எழுதினேன். அந்த வரிக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. பிரமாதம், பிரமாதம் என்று. பேர் போடவில்லை. 'திண்டிவனத்தில் தையல் கடை நடத்தும் என் தோழி' என்று மட்டும் போட்டிருந்தேன். திண்டிவனத்தில் சைக்கிளில் நூறு கிலோமீட்டர் போகும் டெய்லர் எத்தனை பேர்?

அமுதா அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. உண்மை சுட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

இப்போது செயினையும் பனியன் துணியையும் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அமுதாவின் கணவர். மல்லாட்டை போடுகிற விவசாயி. அவள் பயிற்சிக்குக் கிளம்பும் விடிகாலைகளில், ரோடு வெளுக்கும்வரை, அவள் பின்னாலேயே மொபெட்டில் வருவார். அவள் சைக்கிளுக்கு முன்னால் வெளிச்சம் விழட்டும் என்று. நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்!

அந்த மனிதரா ஒத்துக்கொள்ளாதவர்? புண்ணைக் கண்ணாடி வைத்து ஆராய்கிற நான், இதை ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்தேனா?

மறுநாள் ஸ்கூலுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். பஸ்ஸில் பாதி சீட்டு காலி. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அம்மா, அதான் அவ்ளோ எடம் கெடக்குதே, உக்காருங்க" என்று கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். டிரைவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் சீட்டைப் பார்த்தேன். மடித்த துண்டு ஒன்று, அதன் மேல் இன்னொரு துண்டு. என் மூளை சும்மா இருக்குமா?

திண்டிவனத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கேட்டேவிட்டேன். "அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. நாள் பூரா உக்காந்துக்கினே இருக்கீங்களே... அதனால ஒண்ணும் ஆவாதா?"

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு தூரம் நின்றே வந்தவள் என்பது அவருக்கும் தெரியும். குரலைத் தாழ்த்தினார். "ஆவாம இருக்குமாம்மா? வெய்யக் காலத்துல ஒரே பேஜாரு. ரெண்டு டிரிப்புக்கு ஒரு தடவ துண்ட மாத்திக்குவேன். ஈரத்தோட மட்டும் உக்காரக் கூடாதும்மா."

"வீட்ல சொல்லுவீங்களா?"

"முதுகு வலின்னு சொல்லுவேன்" என்றார்.

ஆஹா! நமக்கு ஓர் ஆள் கிடைத்தார். இந்த மாவட்டத்தில் முதுகு வலிக்கு என்று விற்கும் மாத்திரைகளில் எத்தனை நிஜமாகவே முதுகுக்குப் போகின்றன? எந்தக் காலத்திலும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அமுதாவின் கடை மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில். போய் நின்றேன். மெஷினில் ஒரு ப்ளவுஸ் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை.

"வாங்க. அளவு குடுக்க வந்தீங்களா?"

வாங்க! என்னை 'வா டி' என்று கூப்பிட்ட வாய் அது. அந்த ஒரு 'ங்க'வை வாங்கிக்கொள்ள எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? நான்கு அறை வாங்கியிருந்தால் தேவலாம்.

"இல்ல அமுதா. உன்ன பாக்கத்தான் வந்தேன்."

"உக்காருங்க. இத முடிச்சிட்டு வர்றேன்" என்று ஸ்டூலைக் காலால் தள்ளினாள்.

"இருக்கட்டும்."

"எவ்ளோ நேரம் நிப்பீங்க? உக்காருங்க."

"வேணாம் அமுதா. நிக்கிறேன்."

மெஷின் நின்றது. அமுதா என்னைப் பார்த்தாள். என் முகத்தை இல்லை, நான் நிற்கும் விதத்தை. ஒரு காலில் பாரத்தைப் போட்டு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதை. ஸ்டூலைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"எத்தினி நாளா?" என்றாள்.

"பதினோரு நாள்" என்றேன். அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கு வராத அழுகை. பதினோரு நாளில் முதல் தடவையாக ஒருத்திக்கு, நான் வாயைத் திறக்காமலே, எனக்கு என்ன என்று தெரிந்துவிட்டது.

அவளோ சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, மெஷின் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணும் ஈரமாக இருந்தது. "நல்லா வேணும் உனுக்கு" என்றாள். 'உனுக்கு' என்று காதில் விழுந்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

கடையின் முன் திரையை இழுத்துவிட்டாள். பேசினோம். அவளுக்கும் இதேதான். என்னுடையதாவது மல்லாட்டைப் பயறு அளவு. அவளுடையது கட்டியாகி, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் கீறி எடுக்க வேண்டியதாகிவிட்டது. பதினாறு நாள் மெஷினில் உட்கார முடியாமல் கடையைப் பூட்டி வைத்திருக்கிறாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே டி?"

"நீ யார்கிட்ட சொன்ன?"

மேஜை மேல் கிடந்த அளவு டேப்பைச் சுருட்டினேன். அவளே தொடர்ந்தாள்.

"குரூப்புல பன்னெண்டு ஆம்பளைங்க. அவங்ககிட்ட போயி என்னான்னு சொல்றது? நான் அழுதுக்கினு இருந்தேன். அவருதான் சொன்னாரு. 'நான் வேணாம்னு சொல்லிட்டேன்னு சொல்லிடு. என்ன யாரு என்னா பண்ணிடப் போறாங்க'ன்னாரு." அமுதா கத்தரிக்கோலை எடுத்து, மூடி, கீழே வைத்தாள். "பத்து நாள் கழிச்சி உன் பேப்பர் வந்திச்சி. டீக்கடையில எவனோ சத்தமா படிச்சிக் காட்டினானாம். வீட்டுக்குக் கொண்டாந்து எங்கிட்ட குடுத்தாரு. 'டீச்சர் நல்லாத்தான் எழுதறாங்க'ன்னாரு."

வாசகர்களே, இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். ஒன்பது வருடமாக இந்தப் பத்தி எழுதுகிறேன். அந்தச் சந்தில், அந்தத் திரைக்குப் பின்னால் வெட்கப்பட்ட மாதிரி நான் எங்கேயும் வெட்கப்பட்டதில்லை. "தப்பு பண்ணிட்டேன் அமுதா" என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

"சரி, அது இருக்கட்டும்" என்றாள். மேஜையின் இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்தாள். அவளுடைய பழைய சைக்கிள் டிராயர். உட்காரும் இடத்தில் தடியாக மெத்தை வைத்துத் தைத்திருப்பார்களே, அது. ஆனால் முழுசாக இல்லை. தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக்கி வைத்திருந்தாள்.

"உக்கார முடியாம கெடந்தேனே, அப்ப பிரிச்சிப் பாத்தேன்" என்றாள். "இத தச்சவன் கெட்டிக்காரன் டி. இங்க பாரு. உக்கார்ற எடத்துல ஒரு தையல் இருக்குதா? தடவிப் பாரு. எல்லாத் தையலையும் சுத்தி ஓரத்துல கொண்டு போயிட்டான். தோல் மேல நேரா போடறதுக்குன்னே தச்சது."

தடவினேன். ஒரு முடிச்சு இல்லை, ஒரு மடிப்பு இல்லை.

"நீ உள்ள ஜட்டி போட்டுக்கினு தானே இத போடற?"

"பின்ன? போடாமலா ரோட்ல போவாங்க?"

"அதான்!" என்று மேஜையைத் தட்டினாள். "அவன் கஷ்டப்பட்டு எங்க தையல் வரக் கூடாதுன்னு பாத்துப் பாத்து தச்சானோ, கரெக்டா அங்கியே நாம ஒரு எலாஸ்டிக்கக் கொண்டாந்து வெக்கறோம். நானும் அப்படித்தான் போட்டேன். டெய்லரு நானு! எனுக்கே தெரியல பாரு."

நான் என் அடுக்குகளை எண்ணிப் பார்த்தேன். ஜட்டி. அதன் மேல் மெத்தை டிராயர். அது உடம்போடு ஒட்டித் தெரிகிறதே என்று மேலே ஒரு லெக்கிங்ஸ். லெக்கிங்ஸும் ஒட்டித்தானே தெரிகிறது என்று முட்டி வரைக்கும் ஒரு டாப்ஸ். நான்கு. சித்திரை மாதத்தில், சென்னை போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் நான்கு அடுக்கு!

"எழுந்து ஓட்டுவியா?" என்று அடுத்த கேள்வி வந்தது.

"எழுந்துன்னா?"

"பெடல் மேல நின்னு டி. ஆம்பளைங்க அப்பப்ப எழுந்து நின்னு நாலு மிதி மிதிச்சிட்டு உக்காருவாங்களே, பாத்ததில்ல? ரத்தம் ஓடணும். காத்து போவணும்."

பார்த்திருக்கிறேன். மேடு ஏறத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். நான் எழுந்ததே இல்லை. ஏன்? எனக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்கள் வருகிறார்கள். சீட்டை விட்டு எழுந்தால் அவர்கள் கண்ணுக்கு நேரே எது இருக்கும்? அதனால் விழுப்புரத்தில் உட்கார்ந்தால் கூட்டேரிப்பட்டுவரை அசையாமல் உட்கார்ந்தபடியே போவேன். அங்கே டீக்கு இறங்கினால், மற்றவர்கள் நின்றபடி குடிப்பார்கள். நான் மட்டும் அடக்கமாக, அந்த வேர்வை ஈரத்தோடு, பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். என் மானத்தைக் காப்பாற்ற நான் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு முயற்சியும் நேராகப் போய் அந்த ஓர் இடத்தில் சேர்ந்திருக்கிறது!

அமுதாவே ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனாள். அங்கே நான் வாயைத் திறக்கும் முன் அவளே சொல்லிவிட்டாள், என் முதுகு குறுக்கே வர வாய்ப்பே கொடுக்கவில்லை. நசுக்கக் கூடாது, குத்தக் கூடாது. ஓர் ஆயின்ட்மென்ட், சில மாத்திரைகள். சுத்தமாக, ஈரமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறும்வரை சைக்கிள் பக்கம் போகக் கூடாது. "சீக்கிரம் வந்ததால தப்பிச்சீங்க" என்றார் டாக்டர். பதினோரு நாள் சீக்கிரமா என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் அமுதா இருந்தாள்.

இருநூறு? இல்லை. போன ஞாயிறு அது நடந்து முடிந்துவிட்டது. நான் போகவில்லை. சவால் விட்டதற்கு மன்னித்துவிடுங்கள்.

ஆனால் இந்தத் தடவை குழுவின் வாட்ஸ்அப்பில் காரணத்தை எழுதினேன். 'நண்பர்களே, நான் வரவில்லை. என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது பொய். எனக்கு சீட்டில் உரசி உரசிப் புண். இரண்டு வருடத்துக்கு முன் அமுதா விலகியதும் இதே காரணத்தால்தான். அவள் வீட்டுக்காரர் ஒரு நாளும் தடுக்கவில்லை.' அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். அனுப்பிவிட்டு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து எடுத்தேன். குழுவில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். கட்டை விரல் கூட ஒருவரும் போடவில்லை. செத்தேன் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், எனக்குத் தனியாக ஏழு மெசேஜ். 'மேடம், எனக்கும்.' 'மேடம், ஆயின்ட்மென்ட் பேர் அனுப்புங்க.' 'மேடம், ரெண்டு வருஷமா.' கண்டிப்பான கேப்டன் பாஸ்கர் எழுதியிருந்தார்: 'அந்த டாக்டர் ஜென்ட்ஸையும் பாப்பாங்களா மேடம்?'

பன்னிரண்டு பேருக்குப் பயந்து நான் சீட்டை விட்டு எழாமல் இருந்தேன். அதில் ஏழு பேர் எனக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

புண் ஆறிவிட்டது. இந்த ஞாயிறு அமுதாவும் நானும் கிளம்பினோம். குழுவோடு இல்லை, நாங்கள் இரண்டு பேர் மட்டும், திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர்வரை. உள்ளே ஜட்டி இல்லை. மெத்தை டிராயர், மேலே தொளதொளவென்று ஒரு டிரவுசர், அமுதா தைத்தது, உட்காரும் இடத்தில் தையல் இல்லாமல். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "எழு டி!" என்று கத்துவாள். இரண்டு பேரும் பெடல் மேல் எழுந்து நிற்போம். முதல் தடவை எழுந்தபோது பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஐயோ என்று உட்காரப் போனேன். அமுதா உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. லாரி தன் வழியில் போயிற்று. வானம் இடிந்து விழவில்லை.

அவள் வீட்டில் அவள் கணவர் இருந்தார். வேகவைத்த மல்லாட்டையை முறத்தில் கொண்டுவந்து வைத்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன், இங்கே எழுதுவது போலக் கோர்வையாக வரவில்லை. அவர் மல்லாட்டையை உரித்துக்கொண்டே கேட்டார்.

"விடுங்க டீச்சர். ஒரு மாசம் டீக்கடைக்குப் போவல. அவ்ளோதான்" என்றார்.

அவ்வளவுதான் என்கிறார். ஒரு விவசாயிக்குக் காலை டீக்கடை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மாதம். நான் அப்போது கடிதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மன்னிப்பெல்லாம் இங்க வேணாம்" என்றாள் அமுதா. "எந்த எடத்துல எழுதினியோ, அந்த எடத்துல எழுது. எம் பேர போட்டே எழுது. அந்த டீக்கடைக்கு உன் பேப்பர் இன்னும் வந்துக்கினுதான் இருக்குது."

எனவே எழுதுகிறேன். ஓமந்தூர் டீக்கடையில் இதைச் சத்தமாகப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து இந்த வரியை இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள்: அமுதாவை அவள் கணவர் தடுக்கவில்லை. விடிகாலை இருட்டில் அவளுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தவர் அவர். விசாரிக்காமல் எழுதியது நான். தப்பு என்னுடையது.

நேற்று சாயங்காலம் போன் போட்டு இதை முழுக்க அமுதாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் நின்றது. முடிக்கும்வரை மறுபடி ஓடவில்லை.

"நல்லாத்தான் எழுதிக்கீற" என்றாள் கடைசியில். "எங்களப் பத்தி எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சிட்ட. கீறினது, காய்ச்சல் வந்தது, அழுதது, எல்லாம். உனுக்குப் புண்ணு எந்தப் பக்கம்னு மட்டும் போடலியே?"

"ஏய்! அது எதுக்கு டி?"

"போடு. அப்பதான் ஒத்துக்குவேன்."

அவளுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல் சிரித்தது. பாவி, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். அவள் கணவர் சிரித்து நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

இடது பக்கம், வாசகர்களே.